மழைக்கால உணவும் ஆயுர்வேதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், எதிர்ப்பு சக்திக்கு என்ன கஷாயம் குடிக்கலாம் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆயுர்வேத நூல்கள் இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது கஷாயத்தில் தொடங்குவதில்லை, பசியில் தொடங்குகின்றன. அந்த வரிசையிலேயே இந்தக் கேள்விகளுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மழைக்காலத்துக்கு என்று தனி உணவுமுறை எதற்கு?

ஆயுர்வேதம் ஆண்டை ஆறு ருதுக்களாக, அதாவது பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதை உண்பது, எப்படிக் குளிப்பது, எவ்வளவு உழைப்பது என்று சொல்கிறது. இதற்குப் பெயர் ருதுசர்யா. சரக சம்ஹிதையில் சூத்திரஸ்தானத்தின் 6-ஆம் அத்தியாயமும், வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் 3-ஆம் அத்தியாயமும் இதற்காகவே இருக்கின்றன.

அவை சொல்லும் காரணம் இதுதான். கோடை முழுக்க வெயில் உடம்பின் பலத்தை உறிஞ்சிவிடுகிறது. அந்த வறட்சியில் வாதமும் சேர்கிறது. மழை தொடங்கும்போது நாம் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறோம். அதன்மேல் ஈரக்காற்று, சூடான மண்ணில் மழை விழுந்து கிளம்பும் ஆவி, கலங்கிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஜடராக்னியை, அதாவது செரிக்கும் நெருப்பை, மந்தமாக்குகின்றன. கோடையில் சேர்ந்த வாதம் இப்போது கிளம்புகிறது. பித்தம் சத்தமில்லாமல் சேரத் தொடங்குகிறது. அது தொல்லை கொடுப்பது மழை விட்ட பிறகு.

வாதம், பித்தம் என்ற கணக்கை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், விளைவு நமக்குத் தெரிந்ததுதான். பங்குனியில் கேள்வி கேட்காமல் செரித்த அதே சாப்பாடு, அடைமழையில் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். உப்புசம், புளித்த ஏப்பம், சரியாகப் போகாத மலம், காலையில் எழும்போது மூட்டில் ஒரு பிடிப்பு.

தமிழ்நாட்டில் எதை மழைக்காலமாக எடுத்துக்கொள்வது? ஆடியா, ஐப்பசியா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரும்பாலான கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை.

நூல்கள் சொல்லும் வர்ஷா ருது, அதாவது மழைப்பருவம், தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது. கேரளத்துக்கு அது அப்படியே பொருந்தும். அங்கே கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், மருந்துக்கஞ்சி குடிப்பதும் எண்ணெய்ச் சிகிச்சை எடுப்பதும் அதனால்தான். தமிழ்நாட்டில் கதை வேறு. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. நூல் கணக்குப்படி ஐப்பசி, மழைக்குப் பிந்தைய சரத் ருதுவிலும், கார்த்திகை, முன்பனிக் காலமான ஹேமந்தத்தின் தொடக்கத்திலும் விழுந்துவிடும். சரத்தில் பித்தம் தணிய குளிர்ச்சியாக, கசப்பாக, இனிப்பாகச் சாப்பிடச் சொல்கிறது நூல். ஹேமந்தத்தில் பசி பலமாக இருக்கும், நெய்யும் இனிப்புமாகக் கனமாகவே சாப்பிடு என்கிறது. நவம்பரில் வங்கக்கடலில் புயல் சின்னம் நிற்க, வாசலில் முழங்கால் தண்ணீர் தேங்கியிருக்க, சென்னையிலோ நாகையிலோ ஒருவர் இதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அவர் வயிறு என்ன ஆகும்?

ஆகவே மாதத்தைப் பார்க்க வேண்டாம், வானத்தைப் பாருங்கள். இது நூலை மீறுவதும் அல்ல. மழைப் பகுதியைப் பிராவிருட், வர்ஷா என்று இரண்டு ருதுக்களாக நீட்டிச் சொல்லும் இன்னொரு பட்டியல் சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. இடத்துக்கு இடம் மழை மாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கடலோர மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் ஐப்பசியும் கார்த்திகையும்தான் வர்ஷா ருது. நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கும் வால்பாறைக்கும் ஆனி, ஆடி. கன்னியாகுமரி, செங்கோட்டைப் பக்கம் இரண்டு மழையும் உண்டு. அவர்கள் இரண்டு முறையும் சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டியதுதான்.

அக்னி மந்தமாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் பல் தேய்க்கும்போது நாக்கைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் நேற்றைய சாப்பாடு இன்னும் முடியவில்லை. சாப்பிட்டு நாலு மணி நேரம் கழித்தும் ஏப்பத்தில் குழம்பு மணக்கிறதா? வேளை வந்துவிட்டதே என்று சாப்பிடுகிறீர்களா, பசித்துச் சாப்பிடுகிறீர்களா?

உண்டது செரித்ததற்கு நூல்கள் தரும் அடையாளங்கள் எளிமையானவை: சுத்தமான ஏப்பம், உடம்பில் லேசு, மலமும் சிறுநீரும் தடையின்றிப் போவது, பசி, தாகம், மனதில் ஒரு உற்சாகம். இவை வராமல் அடுத்த வேளைக்கு உட்காராதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் உணவு எது?

அப்படி ஒரு பொருள் கிடையாது. நெல்லிக்காய் நல்லது, மஞ்சள் நல்லது, பூண்டு நல்லது. ஆனால் செரிக்காத வயிற்றில் எதைப் போட்டாலும் அதுவும் செரிக்காது. நோயை எதிர்க்கும் வலிமைக்கு ஆயுர்வேதத்தில் வியாதிக்ஷமத்வம் என்று பெயர். அது ஒரு லேகியத்தில் வருவதாக நூல்கள் சொல்லவில்லை. செரிமானம், உறக்கம், உழைப்பு, காலத்துக்கேற்ற உணவு எல்லாம் ஒழுங்காக இருந்தால் உடம்பில் நிற்பதாகச் சொல்கின்றன. அரைகுறையாகச் செரித்து உடம்பில் தங்கும் கழிவுக்கு ஆமம் என்று பெயர். பெரும்பாலான நோய்களுக்கு ஆமத்தைத்தான் வேராகச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் வரும் டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் பெரும்பாலும் கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வருபவை. டெங்கு கொசுவால் வருவது. எலிக்காய்ச்சல் தேங்கிய நீரில் நடப்பதால் வருவது. எந்த ரசமும் கொசுவைத் தடுக்காது. மொட்டை மாடித் தொட்டியை மூடிவிட்டு, அப்புறம் தூதுவளை ரசம் வைக்கலாம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

வயிற்றை நாலாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார் வாக்படர். இரண்டு பங்கு கெட்டியான உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்றுக்கு. மழை நாளில் முதல் இரண்டு பங்கிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. வழக்கமாக மூன்று கரண்டி சாதம் என்றால் இரண்டு. இட்லி நாலு என்றால் மூன்று. ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்ய மாட்டார்கள் என்பதும் தெரியும். எட்டு முடியாது என்றால், தாமதமாகச் சாப்பிடும் அந்த வேளையைக் கஞ்சியாகவாவது மாற்றுங்கள்.

பசியே எடுக்காத நாளில் ஒரு வேளையை விட்டுவிடுவதில் தப்பில்லை. லங்கனம் பரம ஔஷதம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளையை விடக் கூடாது.

ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கலாம்?

நூல் சொல்வதை முதலில் பார்ப்போம்: பழைய அரிசி, கோதுமை, பார்லி, பருப்பு நீரோ இறைச்சிச் சாறோ மசாலாப் பொருள் சேர்த்துத் தாளித்தது, கொதித்து ஆறிய நீர், குளிரும் காற்றுமான நாளில் புளிப்பும் உப்பும் நெய்யும் சற்றுத் தூக்கலாக. அப்படியே நம் வீட்டுச் சமையல்தானே! ரசத்தைத்தான் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் வெந்நீர். பசி வந்த பிறகு இட்லி அல்லது இடியாப்பம். தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னிக்குப் பதில் இஞ்சித் துவையலோ பிரண்டைத் துவையலோ. மாவு மழைக்குளிரில் மெதுவாகத்தான் பொங்கும். பொங்கவில்லையே என்று இரண்டு நாள் வெளியே வைத்து, புளித்து நாறும் மாவில் தோசை வார்க்க வேண்டாம்.

மதியம் சாப்பிட உட்காருமுன் ஒரு சின்னத் துண்டு இஞ்சியை இந்துப்பு தொட்டு மெல்லலாம். பழைய ஆயுர்வேதப் பழக்கம் இது, பசியைத் தூண்டும். அப்புறம் சூடான சாதம், முதல் கவளத்துக்கு அங்காயப்பொடியும் நெய்யும். சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து இடித்த பொடி அது. மழைக்கால வயிற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை ஆயுர்வேதக் கல்லூரியில் உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியுமா என்பது சந்தேகம். பிறகு பாசிப்பருப்புப் போட்ட புடலங்காய்க் கூட்டோ, பீர்க்கங்காயோ, சுரைக்காயோ. மிளகு ரசம் அல்லது கண்டந்திப்பிலி ரசம். கடைசியில் பெருங்காயம், சுக்குத்தூள் போட்ட நீர்மோர். உருளை, கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி எல்லாம் வாயு. அவற்றை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்.

அரிசியில் ஒரு விஷயம். ஓராண்டாவது பழகிய அரிசி லேசானது, புது அரிசி கனமானது என்பது நூல்களின் கணக்கு. புது அரிசிச் சாதம் குழைந்து ஒட்டிக்கொள்வதைச் சமைப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். கடையில் வாங்கும்போது பழைய அரிசி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெறும் வாணலியில் லேசாக வறுத்து வேகவையுங்கள். வறுத்த அரிசி எளிதில் செரிக்கும்.

மாலை சுக்குமல்லிக் காபி. இரவு புழுங்கலரிசி நொய்க் கஞ்சி, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு. அல்லது கோதுமை ரவைக் கஞ்சி. அவ்வளவு போதும்.

புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்களே, அப்படியென்றால் பஜ்ஜி சாப்பிடலாம்தானே?

நல்ல கேள்விதான். நூலில் சொல்லும் நெய்ப்பு, வாதத்தின் வறட்சியைத் தணிக்க உணவில் சேர்க்கும் ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். கொதிக்கும் எண்ணெயில் மூழ்கி எழும் கடலைமாவு வேறு சங்கதி. கடலைமாவு வாயு, வாழைக்காய் வாயு, எண்ணெயில் பொரித்தது கனம். மூன்றும் ஒரே பஜ்ஜியில்.

ஆனாலும் மழையும் பஜ்ஜியும் சேர்ந்ததை யாராலும் பிரிக்க முடியாது, நான் பிரிக்கவும் வரவில்லை. வாழைக்காய்க்குப் பதில் வெங்காயம் அல்லது கற்பூரவல்லி இலை போடுங்கள். மாவில் ஓமமும் பெருங்காயமும் கலந்துகொள்ளுங்கள். புது எண்ணெயில் பொரித்து, சுடச்சுட இரண்டு சாப்பிட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டைக் கஞ்சியாக்கிக்கொள்ளுங்கள். பஜ்ஜிக்குப் பிறகு வழக்கம்போல நாலு தோசை என்பதுதான் வம்பு.

மழைக்காலத்தில் தயிர் கூடவே கூடாதா?

இங்கே பிரபலமான அறிவுரையும் நூலும் மோதுகின்றன. மழைக்காலத்தில் தயிரை விலக்கு என்றுதான் இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். சரகரோ தயிர் ஒத்துக்கொள்ளாத பருவங்களாகச் சரத், கிரீஷ்மம் (கோடை), வசந்தம் (இளவேனில்) மூன்றையும்தான் குறிப்பிடுகிறார். சுஸ்ருதர் ஹேமந்தம், பின்பனிக் காலமான சிசிரத்தோடு மழைக்காலத்திலும் தயிர் நல்லது என்கிறார். புளிப்பும் நெய்ப்பும் வாதத்துக்கு எதிரானவை என்பதால் அந்தக் கணக்கு.

ஆனால் தயிரைப் பற்றி நூல்களில் நிரந்தரமான தடைகள் உண்டு. இரவில் கூடாது. சூடாக்கக் கூடாது. வெறுந்தயிராகச் சாப்பிடாமல் பாசிப்பருப்பு, நெய், சர்க்கரை, தேன், நெல்லி என்று எதையாவது சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். சளி, வீக்கம், தோல் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது.

என் கருத்து: மழை நாளில் மோருக்கு மாறிவிடுங்கள். குளிர் காலத்துக்கும் மந்தமான பசிக்கும் மோரை நூல்கள் மனமாரப் புகழ்கின்றன. கடைந்து வெண்ணெய் எடுத்து, தண்ணீர் கலந்து, பெருங்காயமும் சீரகமும் போட்ட மோர். குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்தது அல்ல. மோர் ஒத்துக்கொள்ளும் உடம்பு பகலில் கொஞ்சம் தயிர் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

கீரை சாப்பிடலாமா?

கூடாது என்று ஒரு பொதுத் தடை போடுவதை நான் ஏற்பதில்லை. கேரளத்தில் கர்க்கடக மாதத்தில்தான் பத்து வகை இலைகளைச் சேர்த்துச் சமைக்கிறார்கள். அதே மாதத்தில் முருங்கைக்கீரையை மட்டும் ஒதுக்குவதும் அவர்கள் வழக்கம். கீரையையே விலக்கவில்லை, எந்தக் கீரை என்று பார்க்கிறார்கள்.

தடைக்குப் பின்னால் இருக்கும் காரணம் நியாயமானது. மழையில் சேறு தெறித்து இலையின் அடியில் ஒட்டிக்கொள்ளும், புழுவும் முட்டையும் இருக்கும், ஈரத்தில் சீக்கிரம் அழுகும். ஆகவே தரையை ஒட்டி வளரும் கீரைகளைக் கனமழை நாட்களில் குறைத்துக்கொள்ளுங்கள். வாங்கினால் ஒவ்வொரு இலையாகப் பார்த்து, உப்பும் மஞ்சளும் போட்ட நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, நன்றாக வேகவையுங்கள். பச்சையாக வேண்டாம். தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, கறிவேப்பிலை ஆகியவற்றைத் துவையலாகவும் ரசமாகவும் சேர்க்கலாம். முடக்கத்தான் தோசை மூட்டுப் பிடிப்புக்கு நம் வீடுகளில் காலம்காலமாகச் செய்வதுதான்.

தண்ணீரை எப்படிக் குடிப்பது? வெந்நீரில் தேன் கலக்கலாமா?

தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். மலை உச்சிகளில் மூன்று நிமிடம். லேசாகச் சுட வைப்பது கிருமியைக் கொல்லாது. வடிகட்டி மட்டும் போதும் என்று மழைக்காலத்தில் நம்ப வேண்டாம். கொதிக்கும்போது கொஞ்சம் சீரகமோ சுக்குத் துண்டோ போட்டால் செரிமானத்துக்கும் ஆயிற்று. ஆற்றுநீரை மழைக்காலத்தில் குடிக்காதே என்று சரகரே தனியாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளம் எதையெல்லாம் அடித்து வரும் என்பது அன்றும் தெரிந்திருக்கிறது.

தேனை இந்தப் பருவத்தில் உணவோடும் பானத்தோடும் சேர்க்கச் சொல்கிறது நூல். ஈரத்தால் வரும் கசகசப்பைத் தேன் உலர்த்தும் என்பது காரணம். அதே நூல், சூடாக்கிய தேனையும் சூடானவற்றோடு தேனையும் கண்டிப்பாகத் தடுக்கிறது. தண்ணீர் வாய்க்கு வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. இது ஆயுர்வேதம் சொன்னதல்ல, இன்றைய மருத்துவம் சொல்வது. நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அசைவம்?

சாறாகச் சாப்பிடுங்கள். வறண்ட நிலத்து விலங்கு, பறவைகளின் இறைச்சிச் சாற்றை மழைக்காலத்துக்கு நூலே பரிந்துரைக்கிறது. நம் கணக்கில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட நாட்டுக்கோழி ரசம், வெள்ளாட்டு எலும்புச் சாறு. பிரியாணியும் தேங்காய் அரைத்த கெட்டிக் குழம்பும் இரவில் வேண்டாம். மீன் வாங்கினால் அன்று பிடித்ததுதானா என்று பாருங்கள். மீனோடு பாலோ தயிரோ சேர்க்காதீர்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயத்தைத் தினமும் குடிக்கலாமா?

மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். மந்தமான பசியைக் கிளப்ப இதற்கு ஈடு குறைவு. ஆனால் தினமும் மூன்று வேளை, மாதக்கணக்கில் என்று போகும்போதுதான் சிக்கல். கொரோனா காலத்தில் கஷாயமாகக் குடித்துக் குடித்து வயிறு எரிந்து நின்றவர்களை எல்லா ஊரிலும் பார்த்தோம்.

அளவுக்கு மேல் தொடர்ந்து உண்ணக் கூடாத பொருட்கள் என்று சரகர் மூன்றைக் குறிப்பிடுகிறார்: திப்பிலி, க்ஷாரம் (சாம்பலிலிருந்து எடுக்கும் காரப் பொருள், மிளகாய்க் காரம் அல்ல), உப்பு. திப்பிலியே அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறது என்பதைக் கஷாயப் பிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சமையலில் ரசமாக, பொடியாகச் சேர்வது வேறு. மருந்தளவில் குடிப்பது வேறு. நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண், மூலத்தில் ரத்தப்போக்கு உள்ளவர்கள் மிளகையும் சுக்கையும் குறைத்து, சீரகம், மல்லி, நெய் பக்கம் சாய்ந்துகொள்ளலாம்.

சீந்தில் கொடிச் சாறு, மஞ்சள் மாத்திரை போன்றவற்றைத் தாமாக வாங்கி நாள்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வாதம் எப்படிப் போனாலும், கல்லீரல் தொல்லை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டிய பொருள் அல்ல அது. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

தீபாவளி லேகியம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

சரியாக நடுவில்! ஐப்பசி மழையில், நெய்யும் கடலைமாவும் சர்க்கரையுமாக ஒரு வாரம் சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்தே யாரோ ஒரு பாட்டி கண்டுபிடித்த ஏற்பாடு. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம், மல்லி எல்லாம் அரைத்து, வெல்லத்தில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு இறக்குவது. தேன் சேர்ப்பதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகு. ஒரு சுண்டைக்காய் அளவு, வெறும் வயிற்றில். ருசியாக இருக்கிறதே என்று உருண்டை உருண்டையாகச் சாப்பிட்டால் அது இன்னொரு இனிப்புப் பலகாரம்தான்.

நிலவேம்புக் குடிநீரும் ஆயுர்வேதமா?

இல்லை, அது சித்த மருத்துவம். கபசுரக் குடிநீரும் அப்படியே. இரண்டு முறைக்கும் பொதுவான சரக்குகள் நிறைய உண்டு என்பதால் குழப்பம் வருகிறது. இரண்டும் உணவல்ல, மருந்து. சித்த மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாட்களுக்கு மட்டும்.

பழையசோறு?

கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் தூங்கலாமா?

மழைச்சத்தத்தில் கண் சொருகத்தான் செய்யும். ஆனாலும் வர்ஷா ருதுவில் பகல்தூக்கம் வேண்டாம் என்று நூல் தெளிவாகச் சொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் பசி இன்னும் மந்தமாகும். முதியவர்களும் நோயாளிகளும் விதிவிலக்கு.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதே உணவு சரியா?

சூடான, புதிதாகச் சமைத்த, எளிதில் செரிக்கும் உணவு எல்லோருக்கும் சரி. மருந்துச் சரக்குகள்தான் மாறும். குழந்தைகளுக்குப் பருப்பு ரசம் சாதம், இட்லி, சீரகத் தண்ணீர், மாதுளை போதும். மாதுளை பசியையும் தூண்டும், வயிறு தளர்ந்திருந்தால் கட்டவும் செய்யும். பசிக்காத குழந்தைக்குப் பின்னாலேயே கிண்ணத்தோடு ஓட வேண்டாம். ஆனால் கைக்குழந்தையோ சின்னக் குழந்தையோ பாலையும் நீரையும் மறுத்துச் சோர்ந்து கிடந்தால் அது மந்தம் என்று விட்டுவிடக் கூடாது.

கர்ப்பிணிகள் திப்பிலி, கஷாயம், லேகியம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ரத்த அழுத்தமும் சிறுநீரகத் தொல்லையும் உள்ளவர்களுக்கு உப்பைத் தூக்கலாக என்ற அறிவுரை பொருந்தாது. சர்க்கரை உள்ளவர்கள் தேன், வெல்லம், சியவனப்பிராசம் எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

வயிறு கெட்டுவிட்டது, காய்ச்சலும் வருகிறது. உணவிலேயே சரிசெய்யலாமா?

வயிற்றுப்போக்கில் முதலில் இழப்பது நீரும் உப்பும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்டிருக்கும் அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பசி திரும்பத் திரும்ப, கஞ்சித் தெளிவில் தொடங்கி, நொய்க் கஞ்சி, குழைந்த சாதம் என்று ஏறுங்கள். இந்தப் படிவரிசையும் ஆயுர்வேதத்தில் உள்ளதுதான். குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளிப்பது, இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாகப் போடக் கூடாது, ரத்தக்கசிவு ஏற்படலாம். காய்ச்சல் தணிந்த பிறகு வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், தாங்க முடியாத சோர்வு வந்தால் அது தேறும் அறிகுறி அல்ல, ஆபத்தின் அறிகுறி.

மழை விட்டதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமா?

ஒரே நாளில் வேண்டாம். ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாளும் ருதுசந்தி. அந்தப் பதினாலு நாளில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொல்கிறார் வாக்படர். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கும்போதுதான் சேர்ந்திருந்த பித்தம் வெளியே வரும்: நெஞ்செரிச்சல், தோலில் அரிப்பு, வாயில் புண். ஆகவே முதலில் ரசத்தில் மிளகையும் புளியையும் குறையுங்கள், பிறகு சுக்குக் காபியை நிறுத்துங்கள். பாகற்காய், வேப்பம்பூ, நெல்லிக்காய், பாசிப்பருப்பு, நெய் உள்ளே வரட்டும். கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் தெருவில் தேங்கிய நீர் முழுக்க வற்றி, குழாயில் கலங்கல் இல்லாமல் வரும்வரை விடாதீர்கள்.